மஞ்சள் டப்பா மனிதர்: ஜார்ஜ் ஈஸ்ட்மன் கதை



முதல்ல உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வீட்டு சாமி அலமாரியைக் கொஞ்சம் பாருங்க. திருநீறோ குங்குமமோ போட்டு வெச்ச ஒரு குட்டி கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, மேல சாம்பல் கலர் மூடி, இருக்கா? எங்க வீட்ல இருக்கு. போன பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது, இது என்ன மருந்து டப்பாவாம்மான்னு கேட்டேன். அம்மா சிரிச்சுட்டு, அது பிலிம் டப்பாடா, உன் முதல் பிறந்தநாளுக்கு வாங்கின ரோல் அதுலதான் வந்துச்சுன்னு சொன்னாங்க.

அந்த ரோல்ல எடுத்த படங்கள் எல்லாம் இன்னிக்கும் ஆல்பத்துல இருக்கு. நெகட்டிவ்கூட ஒரு மஞ்சள் கவர்ல பத்திரமா இருக்கு. ஆனா நான் பத்தாவது படிக்கும்போது போன்ல எடுத்த படம் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. போன் போச்சு, படமும் போச்சு. இந்த விஷயம் எனக்குக் கொஞ்சம் உறுத்திச்சு. அப்படித்தான் அந்த மஞ்சள் கவருக்குப் பின்னாடி இருக்கிற மனுஷரைப் பத்தி படிக்க ஆரம்பிச்சேன். அவர் பேர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். கோடாக் கம்பெனியை ஆரம்பிச்சவர்.

பிலிம் ரோல்னா இவர், கோடாக்னா இவர். இவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனா படிக்கப் படிக்க எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. இவர் நிஜமா உலகத்துக்கு வித்தது பிலிமை இல்ல, பெட்டியை. ஏன் அப்படிச் சொல்றேன்னு கடைசி வரைக்கும் படிச்சா உங்களுக்கே புரியும்.

14 வயசுல வேலைக்கு

ஈஸ்ட்மன் 1854 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ராச்செஸ்டர் நகரத்தில் ஒரு வணிகக் கல்லூரி நடத்தினார். ஜார்ஜுக்கு 7 வயசு இருக்கும்போது, 1862ல், அப்பா இறந்துட்டார். குடும்ப வருமானம் அதோட நின்னுபோச்சு. அம்மா மரியா வீட்டிலேயே ஆட்களைத் தங்க வெச்சு, சாப்பாடு போட்டு, அந்தக் காசுல குடும்பத்தை ஓட்டினாங்க. ரெண்டு அக்காக்களில் ஒருத்தருக்கு போலியோ. அவங்க சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்து, 1870ல் இறந்துட்டாங்க.

ஜார்ஜ் 14 வயசுல பள்ளிக்கூடத்தை விட்டார். ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்துல எடுபிடிப் பையன் வேலை. வாரத்துக்கு 3 டாலர் சம்பளம். சாயங்காலம் வீட்ல உக்காந்து கணக்கெழுதக் கத்துக்கிட்டார். 1874ல் ராச்செஸ்டர் சேவிங்ஸ் பேங்க்ல கிளார்க் வேலை கிடைச்சது. வாரத்துக்கு 15 டாலர்.

நம்ம வீட்ல சொல்ற மாதிரிதான்: பேங்க் வேலை கிடைச்சாச்சு, இனிமே கவலை இல்ல. கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும்.

போகாத ஒரு டூர்

1877ல், 23 வயசுல, ஈஸ்ட்மன் கரீபியன் தீவுகளில் இருக்கிற சாண்டோ டொமிங்கோவுக்கு ஒரு பயணம் போக ஆசைப்பட்டார். கூட வேலை செஞ்ச ஒருத்தர், போற இடத்தைப் போட்டோ எடுத்துட்டு வான்னு யோசனை சொன்னார். சரின்னு கேமரா செட் ஒண்ணு வாங்கினார். வாங்கிப் பார்த்தப்பதான் சிக்கல் புரிஞ்சது.

அந்தக் காலத்து போட்டோகிராபி எப்படின்னா, ஒரு கண்ணாடித் தகடு எடுக்கணும். அதுமேல கொலோடியன்னு ஒரு பிசுபிசுப்பான திரவத்தை ஊத்திப் பரப்பணும். இருட்டுல அதை வெள்ளி உப்புக் கரைசல்ல முக்கணும். அது ஈரமா இருக்கும்போதே கேமராவுல போட்டு படம் எடுக்கணும். காயறதுக்குள்ள கழுவியும் முடிச்சிடணும். அதனால வெளியூர் போறவர் கேமராவோட கூடாரம், ரசாயன பாட்டில், கண்ணாடித் தகடுகள், தண்ணி ஜாடி எல்லாத்தையும் தூக்கிட்டுப் போகணும். இதையெல்லாம் கத்துக்க ஒரு போட்டோகிராபர்கிட்ட 5 டாலர் கொடுத்து டியூஷன் போனார்.

கடைசியில அந்தப் பயணம் நடக்கவே இல்ல. ஆனா கேமரா பைத்தியம் மட்டும் பிடிச்சுக்கிச்சு. ஒரு படம் எடுக்க ஒரு மாட்டுவண்டிச் சாமான் எதுக்குன்னு ஒரு கேள்வி அவர் மண்டைக்குள்ள உக்காந்துக்கிச்சு.

இங்கிலாந்து போட்டோகிராபி இதழ்களில் ஜெலட்டின் பூசின உலர் தகடு பத்தி வந்ததை அவர் படிச்சார். வெள்ளி உப்பை ஜெலட்டின்ல கலந்து கண்ணாடியில பூசிக் காயவெச்சுட்டா, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், எப்ப வேணும்னாலும் கழுவலாம். பகல்ல பேங்க், ராத்திரி அம்மாவோட சமையலறை. அடுப்புல ஜெலட்டினைக் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தார். சில நாள் களைச்சுப்போய் அடுப்புப் பக்கத்துலயே தரையில படுத்துத் தூங்கிடுவார். மூணு வருஷம் இப்படிப் போச்சு. செமஸ்டருக்கு ஒரு புராஜெக்ட்னு டைட்டில் மாத்திக்கிட்டே இருக்கிற நமக்கு மூணு வருஷம்ங்கிறது எவ்வளவு நீளம்னு தெரியும்.

அவர் தகடு செஞ்சதோட நிறுத்தல. தகடு மேல எமல்ஷனை ஒரே சீரா பூசுறதுக்கு ஒரு மெஷினையும் வடிவமைச்சார். 1879ல் லண்டனுக்குப் போய் அதுக்கு பேட்டன்ட் வாங்கினார். 1880ல் ராச்செஸ்டர்ல ஒரு கட்டடத்தின் மூணாவது மாடியை வாடகைக்குப் பிடிச்சு விற்பனைக்குத் தகடு தயாரிக்க ஆரம்பிச்சார். பணம் போட்டவர் ஹென்றி ஸ்ட்ராங். அம்மா வீட்டில் தங்கிச் சாப்பிட்டவர், குதிரைவண்டிச் சவுக்கு தயாரிக்கிற தொழில் செய்தவர். 1881 ஜனவரி 1 அன்று கம்பெனி முறைப்படி தொடங்கியது. அப்பவும் ஈஸ்ட்மன் பேங்க் வேலையை விடல. அதே வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேற ஒருத்தருக்குப் போச்சு. செப்டம்பரில் ராஜினாமா கடிதம் கொடுத்துட்டார்.

1882: எல்லாம் கெட்டுப்போன வருஷம்

இவர் வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

கம்பெனி நல்லா ஓடிட்டு இருக்கும்போது, 1882ல், திடீர்னு புகார் வர ஆரம்பிச்சது. தகட்டுல படம் விழல, மங்கலா இருக்கு, கெட்டுப்போச்சுன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? யூசர் எரர்னு சொல்லலாம். உங்க ஊர் வெயில்ல வெச்சிருப்பீங்கன்னு சொல்லலாம். அந்தக் காலத்துல போட்டோகிராபி அவ்வளவு சிக்கல்ங்கிறதால யாரும் கேள்விகூட கேட்டிருக்க முடியாது.

ஈஸ்ட்மன் தயாரிப்பை நிறுத்தினார். கெட்டுப்போன தகடுகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கிட்டு, பதிலுக்கு நல்ல தகடு தருவதாகச் சொன்னார். கையில நல்ல தகடு அப்ப இல்லவே இல்ல. கம்பெனியிடம் இருந்த பணம் கிட்டத்தட்ட கரைஞ்சுபோச்சு. தப்பு எங்கன்னு தெரியாம ராப்பகலா சோதிச்சுப் பார்த்தார். எதுவும் பலிக்கல. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிப் போய் அங்க இருந்த தயாரிப்பாளர்கள்கிட்ட விசாரிச்சார். கடைசியில காரணம் தெரிஞ்சது. பார்முலா சரிதான், மெஷினும் சரிதான். ஜெலட்டின்தான் மாறியிருக்கு.

ஜெலட்டின்னா மாட்டு எலும்பு, தோல்ல இருந்து காய்ச்சி எடுக்கிற பொருள். ஒரு ஜெலட்டின்ல நல்லா படம் விழும், இன்னொண்ணுல விழாது. ஏன்னு யாருக்கும் அப்ப தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சு, 1920களில், கோடாக் ஆய்வகத்தில் வேலை செய்த ஷெப்பர்ட் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடிச்சார். ஜெலட்டினுக்குள்ள ரொம்ப ரொம்பக் கொஞ்சமா இருக்கிற கந்தகச் சேர்மங்கள்தான் வெள்ளி உப்பை ஒளிக்கு கூர்மையாக்குது. அது எங்கிருந்து வந்ததுன்னா, மாடு தின்ன கடுகுச் செடியில இருந்து! மாட்டுத் தீவனத்தில் ஆரம்பிச்சு, உங்க தாத்தா கல்யாண போட்டோ வரைக்கும் ஒரு கெமிஸ்ட்ரி சங்கிலி இருக்கு பாருங்க.

சரி, 1882க்கு வருவோம். கெட்டதை மாத்திக் கொடுத்ததால கம்பெனி கிட்டத்தட்ட முழுகியிருக்கும். முழுகல. அந்தப் பெட்டியை நம்பி வாங்கலாம்னு போட்டோகிராபர்களுக்கு ஒரு எண்ணம் வந்துச்சு. பெட்டி மேல எழுதியிருக்கிற பேருக்கு ஒரு அர்த்தம் கிடைச்சது.

கே-ல தொடங்கி கே-ல முடியும் பேர்

கண்ணாடி கனம், உடையும். அதை விட்டுட்டு சுருட்டி வைக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னு அடுத்து யோசிச்சார். 1885ல் காகிதத்து மேல எமல்ஷன் பூசின ரோல் பிலிம் வந்தது. ஆனா தொழில்முறை போட்டோகிராபர்கள் அதைப் பெரிசா கண்டுக்கல. கண்ணாடியில வர்ற தெளிவு இதுல வரலைன்னு சொன்னாங்க. நிபுணர்கள் வேண்டாம்னு சொன்னதும் ஈஸ்ட்மன் பார்வையை மாத்திக்கிட்டார். போட்டோ எடுக்கவே தெரியாதவங்களுக்கு இதை வித்தா என்ன?

1888ல் வந்ததுதான் கோடாக் கேமரா. விலை 25 டாலர். உள்ள 100 படத்துக்கான ரோல் ஏற்கெனவே போட்டிருக்கும். 100 படமும் எடுத்து முடிச்சதும் கேமராவை அப்படியே ராச்செஸ்டருக்கு பார்சல் அனுப்பணும், கூட 10 டாலர். அவங்களே கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டி, திருப்பி அனுப்புவாங்க. பட்டனை அமுக்குறது மட்டும் உங்க வேலை, மத்ததெல்லாம் எங்க பொறுப்புங்கிறதுதான் விளம்பரத்தோட சாரம். இதை எழுதினதும் ஈஸ்ட்மனே.

நாம சாப்ட்வேர்ல அப்ஸ்ட்ராக்‌ஷன்னு படிக்கிறோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. கொலோடியன், வெள்ளி உப்பு, டார்க் ரூம், கூடாரம் எல்லாம் உள்ள போயிடுச்சு. வெளியில மிஞ்சினது ஒரு பெட்டி, ஒரு பட்டன்.

அந்தப் பேர் எங்கிருந்து வந்துச்சு? எந்த மொழியிலயும் அதுக்கு அர்த்தம் கிடையாது. ஈஸ்ட்மனுக்கு கே எழுத்து பிடிக்கும். அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர் கில்போர்ன், அதுவும் கே-லதான் ஆரம்பிக்குது. பேர் சின்னதா இருக்கணும், தப்பா உச்சரிக்க வழி இருக்கக் கூடாது, வேற எதையும் ஞாபகப்படுத்தக் கூடாது. இந்த மூணு விதியை வெச்சுக்கிட்டு எழுத்துகளை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்து உருவாக்கின பேர் கோடாக். பிராண்டிங்னு ஒரு பாடமே இல்லாத காலத்துல செஞ்ச வேலை இது!

பெட்டியே பிலிமின் பாதி

1889ல் காகிதத்துக்குப் பதிலா நைட்ரோசெல்லுலோஸ்ல செஞ்ச, கண்ணாடி மாதிரி தெளிவான பிலிம் வந்துச்சு. அதைத்தான் எடிசனோட ஆட்கள் சினிமா சோதனைகளுக்கு வாங்கினாங்க. 35 மிமீ பிலிமோட கதை அங்கதான் ஆரம்பிக்குது.

இந்த இடத்துல ஒரு கறுப்புப் பக்கமும் இருக்கு. அதை மறைச்சா கட்டுரை நேர்மையா இருக்காது. ஹானிபல் குட்வின் என்ற ஒரு பாதிரியார், அதே மாதிரி பிலிமுக்கு 1887லயே பேட்டன்ட் விண்ணப்பம் போட்டிருந்தார். அது கைக்குக் கிடைக்கவே 1898 ஆயிடுச்சு. 1900ல் குட்வின் இறந்துட்டார். அவரோட பேட்டன்ட்டை வாங்கின கம்பெனி வழக்கு நடத்தி ஜெயிச்சது. 1914ல் ஈஸ்ட்மன் கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிச்சது. போட்டிக் கம்பெனிகளை வாங்கிப் போட்டு சந்தையையே பிடிச்சு வெச்சதுக்காக அமெரிக்க அரசும் கோடாக் மேல வழக்குப் போட்டது. தகட்டை மாத்திக் கொடுத்த அதே மனுஷர்தான் இதுவும். ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும்.

பேக்கேஜிங் கதைக்கு வருவோம். இன்னும் ஒரு தொல்லை பாக்கி இருந்துச்சு. ரோல் மாத்தணும்னா இருட்டறை வேணும். வெளிச்சம் பட்டா எல்லாம் காலி. இதுக்குத் தீர்வு பிலிம்ல வரல, அதைச் சுத்தின காகிதத்துல வந்துச்சு. பிலிமோட பின்னாடி நீளமா ஒரு கறுப்புக் காகிதம். அதுல 1, 2, 3னு எண்கள். கேமராவுக்குப் பின்னாடி ஒரு குட்டி சிவப்பு ஜன்னல். அதுல எண் தெரியும் வரைக்கும் சுத்தினா போதும். டர்னர் என்பவர் யோசிச்ச இந்த முறையோட உரிமையை ஈஸ்ட்மன் 1895ல் வாங்கினார். அதே வருஷம் 5 டாலருக்கு பாக்கெட் கோடாக் வந்துச்சு. பகல் வெளிச்சத்துல, பூங்கா பெஞ்ச்ல உக்காந்துக்கிட்டே ரோல் மாத்தலாம்.

கவனிங்க, இங்க பேக்கேஜிங் என்பது பொருளை மூடுற அட்டை இல்ல. பொருளோட பாதி வேலையை அதுதான் செய்யுது.

1900ல் பிரவுனி. விலை 1 டாலர், ரோல் 15 சென்ட். கேமராவோட உடம்பே கனத்த அட்டைதான். குழந்தைகளுக்கு அப்ப ரொம்பப் பிடிச்ச பிரவுனி கார்ட்டூன் குள்ளர்களை பெட்டி மேல அச்சடிச்சு வித்தாங்க. முதல் வருஷமே ஒரு லட்சத்துக்கு மேல வித்துச்சு. அதுவரைக்கும் போட்டோன்னா ஸ்டூடியோவுல விறைப்பா உக்காந்து எடுக்கிறது. பிரவுனிக்கு அப்புறம் நாய்க்குட்டியையும், பல்லு விழுந்த தங்கச்சியையும், சும்மா சிரிக்கிற பாட்டியையும் எடுக்க ஆரம்பிச்சாங்க.

மிஸ்டர் ஸ்மித் யாரு?

இப்ப நம்ம இன்ஜினியரிங் பசங்களுக்கான பகுதி. 1912ல் எம்.ஐ.டி.க்கு (குரோம்பேட்டை இல்லைங்க, அமெரிக்காவுல இருக்கிறது) புது வளாகம் கட்டப் பணம் தேவைப்பட்டது. மிஸ்டர் ஸ்மித்னு ஒருத்தர் 25 லட்சம் டாலர் கொடுத்தார். யார் அந்த ஸ்மித்னு வருஷக்கணக்கா யாருக்கும் தெரியல. 1920 ஜனவரியில்தான் அது ஈஸ்ட்மன்னு வெளியில சொன்னாங்க. மொத்தமா எம்.ஐ.டி.க்கு மட்டும் சுமார் 2 கோடி டாலர் கொடுத்திருக்கார். அவர் எம்.ஐ.டி.யில படிச்சவரே இல்ல, பள்ளிக்கூடம்கூட முடிக்கல. அங்க படிச்ச பசங்க அவர்கிட்ட வேலை செஞ்ச விதம் பிடிச்சுப் போச்சு, அவ்வளவுதான். இன்னிக்கும் அங்க அவரோட உருவம் பொறிச்ச ஒரு பலகை இருக்கு. பரீட்சைக்கு முன்னாடி மாணவர்கள் அதுல அவர் மூக்கைத் தேய்ச்சுட்டுப் போவாங்க. தேய்ச்சுத் தேய்ச்சு மூக்கு மட்டும் பளபளன்னு ஆயிடுச்சு. அரியர் பயம் உலகப் பொது போல.

இன்னும் நிறைய கொடுத்தார். ராச்செஸ்டர் பல்கலைக்கழகம், அங்க ஒரு இசைக் கல்லூரி, கறுப்பின மாணவர்கள் படிச்ச டஸ்கீகீ, ஹாம்ப்டன் கல்வி நிலையங்கள், லண்டன், ரோம், பாரிஸ் நகரங்களில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனைகள். 1912லயே லாபத்துல ஒரு பங்கைத் தொழிலாளர்களுக்குத் தர ஆரம்பிச்சார். 1919ல் தன்னோட பங்குகளில் மூணுல ஒரு பகுதியையே அவங்களுக்குக் கொடுத்தார். மொத்த நன்கொடை 10 கோடி டாலருக்கு மேல.

கல்யாணம் பண்ணிக்கல. 1907ல் அம்மா இறந்தது அவரை ரொம்ப உடைச்சுப் போட்டுச்சு. அப்புறம் அந்தப் பெரிய வீட்டில் அவர் மட்டும்தான். காலை சாப்பாட்டு நேரத்துக்கு ஆர்கன் வாசிக்க ஒரு ஆளை வெச்சிருந்தார். அறையோட அளவு கண்ணுக்குச் சரியில்லைன்னு 1919ல் வீட்டையே ரெண்டா அறுத்து, ஒரு பாதியை 9 அடி தள்ளி வெச்சார். சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

அவர் தனக்குப் போட்ட தேதி

70 வயசுக்கு மேல முதுகெலும்பு நோய் வந்தது. நிக்கிறதும் நடக்கிறதும் கஷ்டமாச்சு, வலி விடல. அம்மாவையும் அக்காவையும் சக்கர நாற்காலியில பார்த்த மனுஷர். 1932 மார்ச் 14 அன்று நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, உயிலில் ஒரு திருத்தத்துக்கு சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அவங்க கிளம்பினதும் தன் உயிரை மாய்ச்சுக்கிட்டார். வயசு 77. தன் வேலை முடிஞ்சது, இனி எதுக்குக் காத்திருக்கணும் என்கிற பொருளில் ரொம்பச் சின்னதா ஒரு கடிதம் எழுதி வெச்சிருந்தார்.

இந்தக் கடிதத்தை பல இடத்துல ஏதோ வீரமான முடிவு மாதிரி எழுதியிருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. அவர் வலியை நான் அனுபவிச்சதில்ல, அதனால தீர்ப்பு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா ஒரு விஷயத்தை மட்டும் சொல்லலாம். அவர் எழுதினது தகவல் ரீதியாவே தப்பு.

அவர் அதை எழுதின நேரத்தில், அதே ராச்செஸ்டரில், அவரோட கம்பெனி ஆய்வகத்திலேயே, மேன்ஸ், கொடோவ்ஸ்கி என்ற ரெண்டு பேர் 1930ல் இருந்து கலர் பிலிமுக்கு உழைச்சுக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பேரும் தொழில்முறை இசைக் கலைஞர்கள். இசைக் கல்லூரி கட்டின, காலையில இசை கேட்காம சாப்பிடாத ஒரு மனுஷரோட ஆய்வகத்துல! மூணே வருஷத்துல, 1935ல், அவங்க உருவாக்கின கோடாக்குரோம் வெளிவந்தது. 1934ல் நாம இன்னிக்கும் பார்க்கிற அந்த 35 மிமீ குட்டி உருளை டப்பா வந்தது. மஞ்சளும் சிவப்பும் கம்பெனியோட முகமா நிலைச்சதும் அந்த 1930களிலதான். அவர் வேலை முடியல மக்களே. அதுல அழகான பகுதி அப்பதான் ஆரம்பிச்சிருந்துச்சு.

பிளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிற நம்ம பேட்ச்சுக்கு இதைச் சொல்லணும்னு தோணுச்சு. எல்லாம் முடிஞ்சதுன்னு மனசு சொல்ற நாள்ல, அந்தக் கணக்கைப் போட மனசுகிட்ட முழுத் தகவல் இருக்கிறதே இல்ல. அந்த மாதிரி ராத்திரிகள்ல ரூம்மேட்டை எழுப்புங்க, வீட்டுக்குப் போன் போடுங்க, இல்ல 14416க்கு கூப்பிடுங்க. இலவசம்தான், எந்த நேரமும் பேசலாம்.

செத்துப்போன பிலிம் செத்ததா?

பிலிமுக்கும் இப்படி ஒரு தேதி குறிச்சாங்க. 1975ல் கோடாக்லயே வேலை செஞ்ச ஸ்டீவ் சாசன் என்ற 20களில் இருந்த ஒரு இன்ஜினியர் டிஜிட்டல் கேமரா ஒண்ணு செஞ்சார். ஒரு படத்தை கேசட்டுல பதிவு பண்ண 23 நொடி ஆகும். கம்பெனி அதைப் பெரிசா எடுத்துக்கல. நல்லா வித்துக்கிட்டிருந்த கண்ணாடித் தகட்டை விட்டுட்டு பிலிமுக்குத் தாவின ஈஸ்ட்மனோட வாரிசுகளுக்கு, பிலிமை விட்டுத் தாவ மனசு வரல. 2009ல் கோடாக்குரோம் நின்னுச்சு. 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. நம்ம ஊட்டியில 1960ல் அரசு தொடங்கின இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் ஓட முடியாம மூடிப் போச்சு. இந்து என்ற பேர்ல கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்க தயாராச்சு.

எல்லாரும் பிலிம் காலி ஆயிடுச்சுன்னு எழுதி முடிச்சாங்க. ஆனா கோடாக் 2013ல் திவாலில் இருந்து வெளியில வந்தது. நிறுத்தின எக்டாக்குரோம் பிலிமை 2018ல் திரும்பக் கொண்டுவந்தது. ஓப்பன்ஹைமர் படத்துக்காக ஐமேக்ஸ் கேமராவுக்கான கறுப்பு வெள்ளை பிலிமை புதுசாவே தயாரிச்சுக் கொடுத்தாங்க. 2025 அக்டோபரில் கோடாகலர் என்ற பழைய பேரை எடுத்து புது ரோல்களை அவங்களே நேரடியா விற்க ஆரம்பிச்சாங்க. வாங்குறவங்களில் நம்ம வயசுப் பசங்க நிறைய பேர்.

இதுல பெட்டிக்கு என்ன பங்குன்னு பாருங்க. 1971ல் வந்த அந்த பெரிய கே அடையாளத்தை 2006ல் எடுத்துட்டு, வெறும் எழுத்து மட்டும் வெச்சு மாடர்ன் ஆனாங்க. 2016ல் அந்தப் பழைய கே அடையாளத்துக்கே திரும்பி வந்துட்டாங்க. பிலிம் வாங்குறவங்க புதுமையைத் தேடி வரலைன்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கணும்.

ஆனா வெறும் பழைய டிசைன் மட்டும் போதுமா? போதாது. 2016 வாக்கில் கோடாக்கோட பெரிய அளவு 120 ரோல்களில் ஒரு கோளாறு. பின்னாடி இருக்கிற காகிதத்துல அச்சடிச்ச எண்கள் படத்து மேலயே நிழலா விழ ஆரம்பிச்சது. ஆமா, 1895ல் வந்த அதே எண் போட்ட காகிதம்தான்! பிலிமை அப்போ வித்துக்கிட்டிருந்த கோடாக் அலாரிஸ் கம்பெனி பாதிக்கப்பட்ட ரோல்களை மாத்திக் கொடுத்து, காகிதத்தையும் மாத்தியது. 1882ல் ஈஸ்ட்மன் செஞ்ச அதே வேலை. பிலிமோட எதிர்காலம் இதுலதான் இருக்குன்னு நான் நம்புறேன். போன்ல படம் சரியா வரலைன்னா அடுத்த நொடி இன்னொண்ணு எடுக்கலாம். பிலிம்ல 36தான். படம் விழுந்துச்சான்னு தெரிய நாள்கணக்கா காத்திருக்கணும். அவ்வளவு நாள் ஒருத்தர் கண்ணை மூடிக்கிட்டு காத்திருக்கணும்னா, அந்தப் பெட்டி மேல நம்பிக்கை இருக்கணும். மஞ்சள் கலர் அந்த நம்பிக்கையோட சட்டை, அவ்வளவுதான். உள்ள ஆள் சரியில்லைன்னா சட்டையால ஒரு பிரயோஜனமும் இல்ல.

கடைசியா ஒண்ணு. எல்லா பிலிம் பெட்டியிலயும் ஒரு காலாவதி தேதி அச்சடிச்சிருக்கும். போன மாசம் மாமாவோட பழைய பீரோவில் தேதி தாண்டி பல வருஷம் ஆன ஒரு ரோல் கிடைச்சது. மாமாகிட்ட கேட்டு, அவரோட பழைய கேமராவுலயே போட்டு, எங்க ஹாஸ்டல் மாடியில, கேன்டீன்ல, புராஜெக்ட் லேப்ல எடுத்தேன். கழுவி வாங்கினப்ப கலர் கொஞ்சம் மாறி, ஓரமெல்லாம் லேசா புகை படிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஆனா எல்லார் முகமும் விழுந்திருக்கு.

உங்க வீட்டு பீரோவுலயும் ஒண்ணு கிடக்கலாம். தேதி போச்சுன்னு குப்பையில போட்டுடாதீங்க, எடுத்துப் பாருங்க. அடுத்த இதழ்ல சந்திப்போம்!